மயங்கி விழுந்ததுண்டா?

விண்ணப்பத்தில் அது இருபத்து மூன்றாவது கேள்வி. 'இதற்கு முன் எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா?' பக்கத்தில் ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். முந்தைய இருபத்திரண்டு கேள்விகளுக்கும் இல்லை, இல்லை என்று தட்டிக்கொண்டே வந்த மேக்னா அதே வேகத்தில் இதையும் தட்டியிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்து லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நில்லு," என்றார் சம்பத். "ஏழாவது படிக்கிறப்போ மலையில விழுந்தியே."

"அது பசி மயக்கம்ப்பா. அதையெல்லாமா எழுதுவாங்க?"

"பசியோ என்னவோ. விழுந்தியா, விழலையா?"

சம்பத் அணுமின் நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்ப்பவர். அங்கே ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தால் எழுத வேண்டும். யார் காலிலும் விழாவிட்டாலும் எழுத வேண்டும். விழப் பார்த்துக் கையில் பிடித்துவிட்டாலும் அதற்கென்று தனியாக ஒரு தாள் உண்டு. அந்தப் பழக்கம் அணுபுரம் குடியிருப்பில் இருக்கும் அவர்கள் வீடு வரைக்கும் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பால் பொங்கி வழிந்தால்கூட, 'எத்தனை மணிக்குக் கவனிச்சே?' என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

மேக்னா பல்லைக் கடித்துக்கொண்டு ஆம் என்ற கட்டத்தைத் தட்டினாள். உடனே அதன் கீழே இன்னொரு பெட்டி திறந்து விவரம் கேட்டது. அப்பா சொல்லச் சொல்ல அதையும் தட்டச்சு செய்தாள். திருக்கழுக்குன்றம் மலைப்படி, விரதம், வயது பன்னிரண்டு, ஒரு முறை. விண்ணப்பம் தில்லியில் இருக்கும் விமானத் துறை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

அவளுக்கு வேண்டியிருந்தது மாணவ விமானி உரிமம். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளவே தனியாக ஓர் உரிமம் வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. முதலில் மருத்துவச் சான்றிதழ். அது கையில் இருந்தால் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் உரிமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒரு வருஷமாக மேக்னா இதற்காகத்தான் காத்திருந்தாள். இன்ஜினியரிங் இடம் கிடைத்தும் போகவில்லை. பயிற்சிப் பள்ளியில் இடம் வாங்கியாயிற்று. ஜூன் முப்பதுக்குள் மருத்துவச் சான்றிதழைக் கொண்டு வராவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும், அதற்கடுத்த வகுப்பு இனி வரும் வருஷம்தான் என்று அலுவலகத்தில் இருந்த பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அடுத்த பெயருக்கு உரியவன் நாள் தவறாமல் போன் போட்டு, 'யாராவது விலகினாங்களா மேடம்?' என்று விசாரிக்கிறானாம். அவன் முகம் தெரியாமலேயே மேக்னா அவனை வெறுத்தாள்.

செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் டாக்டர் கோதண்டராமனுக்கு விமானிகளைச் சோதிக்க அனுமதி உண்டு. மே மாதக் கடைசியில் அவரிடம் போனாள். கண், காது, நிறம் பிரித்தறிதல், நெஞ்சுத்துடிப்பு, ரத்தம், எல்லாம் சரியாக இருந்தது. 'ஏ ஒன்' என்று சொல்லிக்கொண்டே கணினியில் அவள் விண்ணப்பத்தைத் திறந்தவர், இருபத்து மூன்றாவது கேள்விக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்த ஏம்மா எழுதின?"

"நடந்துது சார். அதான்."

"நடந்துது சரி. இப்போ நான் சும்மா விட முடியாதே. மூளைக்கு இ.இ.ஜி., நெஞ்சுக்கு இருபத்தி நாலு மணி நேர ஹோல்டர், அப்புறம் நரம்பு டாக்டர்கிட்ட ஃபிட்னு ஒரு லெட்டர். இத்தனையும் வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடலாம்."

"அதை அழிச்சிட முடியாதா சார்?"

"தில்லிக்குப் போனதை செங்கல்பட்டுல உக்காந்து அழிக்க முடியுமா?" என்றார் டாக்டர், அவளுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டு.

அவளோடு பள்ளியில் படித்த ஜெயந்தும் அதே வகுப்பில் சேர இருந்தவன்தான். மாமல்லபுரத்துப் பையன். பத்தாவது வரைக்கும் மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்தைப் புத்தகப் பையிலேயே வைத்திருந்தவன். அவன் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தட்டினான். ஒரே நாளில் சான்றிதழ் வாங்கினான். 'நீ ஏன் லூசு மாதிரி எழுதின?' என்று அவன் போனில் கேட்டபோது மேக்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. சம்பத் அதைக் கவனித்தார். கவனித்தும், 'உண்மையத்தானே எழுதினோம், ரெண்டு டெஸ்ட் கூட எடுத்தா என்ன?' என்றார். அந்த 'எழுதினோம்' அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ரெண்டு டெஸ்ட்டும் லேசில் முடியவில்லை. இ.இ.ஜி. எடுக்கப் போகிற காலை, அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா ரோகிணி உச்சந்தலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்துவிட்டாள். தலையில் என்னென்னவோ ஒயர் வைத்து மெஷின் போடுகிறார்களாம், மூளை சூடாகிவிடுமாம். மேக்னா தலையை ஒரு மாதிரி துடைத்துக்கொண்டு கிளம்பினாள். பரிசோதனைக் கூடத்தில் இருந்த தர்மராஜ் என்பவர் அவள் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"இன்னாமா இது, தலயா தாளிப்புக் கரண்டியா? ஒயரு ஒட்டாது. நல்லா ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு அடுத்த வாரம் வா."

"இங்கயே எங்கயாவது கழுவிட்டு வரேன்ணா."

"இன்னிக்கி லிஸ்ட்டு ஃபுல்லு. நீ போய்க் குளிச்சிட்டு வரதுக்குள்ள நாலு பேரு வந்துகினு கீறாங்க."

ஒரு வாரம் போயிற்று. அடுத்தது ஹோல்டர். நெஞ்சில் ஐந்து இடத்தில் ஒயரை ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் குளிக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். ஜூன் மாத வெயிலில், கடற்கரை ஓரத்து உப்புக் காற்றில், அந்த ஒட்டுத்துணிகளுக்குக் கீழே அவளுக்கு அரித்த அரிப்பை வாயால் சொல்ல முடியாது. பேருந்தில் நடத்துநர், அவள் சட்டைக்குள்ளிருந்து தொங்கிய ஒயரையே பார்த்தார். "இன்னா பாப்பா, உள்ள பாட்டு கேட்டுகினு வரியா?" என்றார். மேக்னா ஒயரைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டாள். பயிற்சிப் பள்ளியில் சேரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவள் இப்போது சேர முடியாமல் போகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இ.இ.ஜி. சுத்தம். ஹோல்டர் சுத்தம். இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு, சென்னையிலிருந்து வியாழக்கிழமை மட்டும் செங்கல்பட்டுக்கு வரும் நரம்பு மருத்துவர் டாக்டர் ஹெலனிடம் போனார்கள். அப்பாவுக்கு அன்று வேலை. அம்மாதான் துணை. முப்பதாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இன்றைக்குக் கடிதம் வாங்கினால் நாளைக்குச் சான்றிதழ் என்று மேக்னா கணக்குப் போட்டு, காலையில் வாய்க்குள் பாட்டுக்கூடப் பாடினாள்.

டாக்டர் ஹெலன் அறிக்கைகளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு நிமிர்ந்து, "மயக்கம் வந்தப்போ கூட யாரு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர்," என்றாள் ரோகிணி. நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

 அந்த உட்காருதல் மேக்னாவுக்கு நன்றாகத் தெரியும். திருக்கழுக்குன்றத்தில் பிறந்து வளர்ந்தவள் அம்மா. அந்த மலையில் மகள் விழுந்ததும் வேதகிரீஸ்வரர் எழுப்பிவிட்டதும் அவள் ஆறு வருஷமாகக் குடியிருப்பில் சொல்லிவரும் கதை. விளக்குப் பூஜையில் சொல்லியிருக்கிறாள், ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறாள், புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு மாவு இரவல் கொடுக்கும்போது சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கதை ஒரு சுற்று பெருத்துக்கொண்டே வந்தது. மேக்னா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அது யாரோ வேறு பெண்ணின் கதை என்பது போலத்தான் இருப்பாள்.

"கண்ணு ரெண்டும் மேல சொருகிச்சு டாக்டர். கை ஒரு பக்கம், காலு ஒரு பக்கம், வெட்டி வெட்டி இழுத்துச்சு. வாயில நொற. அர மணி நேரம் பேச்சும் இல்ல, மூச்சும் இல்ல. அந்த ஈஸ்வரன்தான் எழுப்பி வுட்டாரு."

"இழுத்துச்சா? நுரையும் வந்துச்சா?"

"ஆமா டாக்டர். இம்மாம் நொற."

டாக்டரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர மேக்னாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நுரை புதுசு. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அந்தக் கதையில் நுரை வந்ததில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். "இது சாதா மயக்கம் மாதிரி தெரியல. வலிப்பு மாதிரி இருக்கு. இப்போ எடுத்த டெஸ்ட் நார்மலா இருக்கலாம். ஆனா இதுல பக்கத்துல இருந்து பார்த்தவங்க சொல்றதுதான் முக்கியம். வலிப்புன்னு நான் எழுதிட்டா, இந்தப் பொண்ணு வாழ்க்கையில விமானம் ஓட்ட முடியாது. அதனால இன்னிக்கு நான் எதுவும் எழுதல. நல்லா யோசிச்சு, நடந்ததை நடந்தபடி ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு அடுத்த வியாழன் கொண்டு வாங்க. அதை வச்சு முடிவு பண்றேன்."

வெளியே வந்ததும் மேக்னா வெடித்தாள். பேருந்து நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நுரை எப்போம்மா வந்துச்சு? எப்போ வந்துச்சு?"

"வந்துச்சுடி. உனுக்கின்னா தெரியும்? நீதான் வியுந்து கெடந்தியே."

இதற்கு மேல் என்ன பேசுவது? விழுந்து கிடந்தவளுக்கு விழுந்து கிடந்தது தெரியாது. பார்த்தவள் ஒருத்தி. அந்த ஒருத்தி இப்படி.  விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வைத்த அப்பா ஒரு பக்கம், இல்லாததையும் சேர்த்துச் சொல்லும் அம்மா ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குகிறோம் என்று மேக்னா நினைத்தாள். அணுபுரம் வரைக்கும் அவள் அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை மாமல்லபுரம் போய் ஜெயந்தைப் பார்த்தாள். அவன் பயிற்றுநர் கேட்கப்போகும் கேள்விகளுக்குக் குறிப்பெடுத்து வைத்திருந்தான். காற்றின் திசை, ஓடுபாதை எண்கள், வானொலியில் பேசும் முறை. கடற்கரை மணலில் உட்கார்ந்து அவன் கேள்வி கேட்க, மேக்னா ஒவ்வொன்றுக்கும் தப்பில்லாமல் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆத்திரம்தான் கூடியது. வயிறு நிறையப் பசி, இலை நிறையச் சோறு, கையை மட்டும் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

"இதுக்குப் போய் இவ்ளோ பேஜாராவுற," என்றான் ஜெயந்த். "அம்மாவ மாத்தி எழுதச் சொல்லு. இழுக்கல, நொற வரல. முடிஞ்சுது மேட்டரு."

அதையும் கேட்டுப் பார்த்தாள். ஞாயிறு மத்தியானம், அம்மா நல்ல மூடில் இருக்கும் நேரம் பார்த்து, கெஞ்சலாகத்தான் கேட்டாள். ரோகிணி கையிலிருந்த முறுக்குக் குழாயைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாமி விஷயத்துல என்னப் பொய் சொல்லச் சொல்றியாடி? இத்தினி வருஷம் ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன். இப்போ அது இல்லன்னு கையெயுத்துப் போட்டா, என்ன இன்னான்னு நெனப்பாங்க?"

"யாரும்மா நினைக்கப்போறாங்க? அந்த டாக்டர் ஒருத்தர்தானே படிப்பாங்க!"

"நான் பார்த்தது பார்த்ததுதான்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள். எண்ணெய் காயாமலேயே முறுக்கைப் பிழிந்தாள். ஒரு ஈடு முழுக்க நமுத்துப் போயிற்று.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. தாளில் ஒரு வரி விழவில்லை. புதன்கிழமை சாயங்காலம் சம்பத் வேலையிலிருந்து வந்ததும் காபியைக் குடித்துவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். "ரோகிணி, இங்க வா. நான் கேக்கறேன், நீ சொல்லு. நான் எழுதறேன்."

மேக்னா ஓர் ஓரமாக நின்றாள். அப்பாவின் இந்தச் சடங்கு அவளுக்குத் தெரிந்ததுதான். வேலை பார்க்கும் இடத்தில் எது நடந்தாலும் இப்படித்தான். முடிவிலிருந்து ஆரம்பிக்க மாட்டார். முதல் நாளிலிருந்து மணி வாரியாக வருவார். யார் தப்பு என்று கேட்கவே மாட்டார், அடுத்து என்ன நடந்தது என்று மட்டும் கேட்பார்.

"எதுக்குப் போனீங்க அன்னிக்கு?"

"உங்களுக்கு மஞ்சக்காமால வந்து ஆஸ்பத்திரில கெடந்தீங்களே. நீங்க எயுந்து வந்தா நானும் பொண்ணும் பச்சத் தண்ணி பல்லுல படாம மலையேறி வரோம்னு வேண்டிகினேன்."

சம்பத் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு எழுதினார். "எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிச்சீங்க?"

"பத்தே கால் இருக்கும். சித்திரை மாசம். படி கொதிச்சுகினு இருந்துச்சு."

"முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டா?"

"ரெண்டு இட்லி. காலைல ஒண்ணும் இல்ல."

"கடைசியா எப்போ தண்ணி குடிச்சா?"

 மேசையில் காபி டம்ளர் வைத்த இடத்தில் இருந்த ஈரத்தை ரோகிணி முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"ரோகிணி. கடைசியா தண்ணி எப்போ?"

"ராத்திரிதான்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நூறு படி ஏறுறப்போ கேட்டா. மேல போய்க் குடிக்கலாம் வான்னேன். மண்டபத்தாண்ட மறுக்காக் கேட்டா. வேண்டுதல்டி, கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன். மூணாந்தபா கேட்டப்போ... கையப் புடிச்சு இஸ்துகினு போனேன். நாலு படி வந்தா. அப்டியே சாஞ்சிட்டா."

"இழுப்பு?"

"இல்ல."

"நுரை?"

"ஒண்ணும் இல்லீங்க. ஒண்ணுமே இல்ல. கொய்ந்த தண்ணி கேட்டுச்சு, நான் குடுக்கல. அதான் நடந்துச்சு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அத்த எப்டிச் சொல்றது வெளிய? ஏதோ நோவு, சாமி காப்பாத்துச்சுன்னு சொன்னா என் மேல பழி இல்ல பாருங்க. ஒரு தபா சொன்னேன். அப்பறம் அதுவே வாய்க்கு வந்துட்சு."

மூன்று தடவை கேட்டது மேக்னாவுக்கும் நினைவிருந்தது. தொண்டை ஒட்டிக்கொண்டதும், அம்மாவின் கை இழுத்த இழுப்பும்கூட நினைவிருந்தது. விரதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அந்த வயதில் விட்டுவிட்டாள். அம்மா அதை ஆறு வருஷமாக ஒரு நோயின் பெயரில் பொத்தி வைத்திருந்தாள் என்பதும், அந்தப் பொய் நோய்தான் இப்போது தன்னைத் தரையிலேயே உட்கார வைக்கப் பார்க்கிறது என்பதும் சேர்ந்து தாக்கியதில், அழுவதா கத்துவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. 

சம்பத் பேனாவை மேசையில் வைத்தார். எழுதிய பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்தார். மேக்னா பிறந்ததிலிருந்து அவர் எழுதியதைக் கிழித்து அவள் பார்த்ததில்லை.

"இழுப்பு இல்ல, நுரை இல்லன்னு மட்டும் எழுது. போதும்," என்றார். "தண்ணி விஷயம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?" என்று மேக்னா பாய்ந்தாள். "என்கிட்ட மட்டும் விழுந்தியா விழலையான்னு கேட்டு எழுத வச்சீங்க. இப்போ என்ன?"

"அது உன் மயக்கம். இது..." சம்பத் மனைவியைப் பார்த்தார். முடிக்கவில்லை. அவருக்காக வேண்டிக்கொண்ட வேண்டுதல் அது.

ரோகிணி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "குடுங்க பேனாவ. எயுதுனா எல்லாத்தியும்தான் எயுதணும். போன தபா பாதிய மாத்திச் சொல்லித்தான் பொண்ணு இங்க வந்து நிக்குது." குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினாள். 'என் மகள் மூன்று முறை தண்ணீர் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள்.

வியாழக்கிழமை மூன்று பேருமே செங்கல்பட்டுக்குப் போனார்கள். முப்பதாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. டாக்டர் ஹெலன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். போன வாரக் குறிப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போன வாரம் ஒண்ணு சொன்னீங்க. இந்த வாரம் ஒண்ணு எழுதியிருக்கீங்க. பொண்ணுக்கு லைசென்ஸ் வேணும்னு மாத்திட்டீங்களான்னு நான் எப்படி நம்பறது?"

 நியாயமான கேள்விதான். அதுதான் மேக்னாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாயைத் திறக்கப் போன சம்பத்தை டாக்டர் கையால் தடுத்தார். "நீங்க அங்க இல்ல. அவங்க சொல்லட்டும். விழுந்தப்போ உடம்பு விறைச்சுதா, துவண்டுதா?"

"தொவண்டு போச்சு டாக்டர். என் கையிலயே சரிஞ்சா." ரோகிணி இன்று நாற்காலியின் நுனியில் உட்காரவில்லை. பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"பின்னாடி வந்துகினு இருந்தவங்க ஒரு பாட்டில் நீட்டுனாங்க. அத்தத் தொறந்து மூஞ்சில தெளிச்சேன். தெளிச்ச ஒடனே முழிச்சுகினா. ஒரு நிமிசம்கூட இருக்காது."

"முழிச்சதும் உங்களை அடையாளம் தெரிஞ்சுதா? என்ன பேசினா?"

ரோகிணி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் திரண்டு நின்றது, கீழே விழவில்லை.

"மூஞ்சில இருந்து வழிஞ்சுகினு இருந்த தண்ணிய நாக்கால நக்குனா டாக்டர். நக்கிகினே என்னப் பாத்து, 'அம்மா, இப்பவாவது குடிக்கலாமா?'ன்னு கேட்டா."

 சம்பத் தலையைக் குனிந்துகொண்டார். மேக்னாவுக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

"குடுத்தீங்களா?" என்றார் டாக்டர் மெதுவாக.

"குடுத்தேன். பாட்டிலு மொத்தமும் குடிச்சா."

டாக்டர் ஹெலன் பேனாவைத் திறந்தார். "வலிப்பு வந்து முழிக்கிறவங்க பெத்த அம்மாவையே யாருன்னு பார்ப்பாங்க. விட்ட இடத்துல இருந்து கேள்வி கேக்க மாட்டாங்க. இது வெறும் தண்ணி இல்லாத மயக்கம்." எழுதிக்கொண்டே சொன்னார், "இதையும் யாரும் ஜோடிச்சுச் சொல்ல மாட்டாங்க." கடிதத்தில் முத்திரை குத்தி மேக்னாவிடம் நீட்டினார்.

அன்று சாயங்காலமே கோதண்டராமன் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "சொன்னேன் இல்ல, ஏ ஒன்," என்று கை குலுக்கினார். மேக்னா பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்து சொன்னாள். நாளைக்கே அனுப்புங்கள், திங்கட்கிழமை பயிற்றுநர் கேள்வி கேட்பார் என்றார்கள். ஒரு மாதமாக இந்த நிமிஷத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த குதிப்பும் கத்தலும் எங்கே போயின என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் புரியவில்லை.

திரும்பும் பேருந்தில் அப்பாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. அம்மாவும் அவளும் பின்னால் உட்கார்ந்தார்கள். எப்போதும் டிக்கெட் எடுப்பதற்குள் பக்கத்து இருக்கைக்காரியின் பூர்வீகம் வரை விசாரித்துவிடும் ரோகிணி வாயே திறக்கவில்லை.  மேக்னாவுக்குக் கேட்பதற்கு நிறைய இருந்தது. ஏன் அப்போதே சொல்லவில்லை, என் வாழ்க்கையே போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றெல்லாம் வரிசையாக மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, முதல் கேள்வியைக் கேட்கத் திரும்பினாள்.

அதற்குள் அம்மா கேட்டுவிட்டாள். "ஏண்டி, அந்த பிளேன்ல நீ தனியாப் போறப்போ தண்ணி எடுத்துகினு போக வுடுவாங்களா?"

மேக்னா அம்மாவையே பார்த்தாள். 

"வுடுவாங்கம்மா."

"தாகம் எடுத்தா யாரையும் கேட்டுகினு நிக்காத," என்றாள் ரோகிணி. "குடிச்சுடு."